முண்டு மரமும் மரவைத் தட்டும்



சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர், செட்டிநாட்டின் மேற்கு வாயில் போல் அமைந்த ஊர். 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றால் எல்லோருக்கும் விளங்கும். காரைக்குடியிலிருந்து இவ்வூர் வழியாக மதுரைக்குச் செல்வோர், சாலையோரத்து முதிய மரங்களைச் சற்று உற்று நோக்கலாம். சில புளிய மரங்களின் அடியிலோ, வேம்பின் நடுமரத்திலோ, பானையைக் கவிழ்த்து ஒட்ட வைத்தாற்போல் ஒரு புடைப்பு தெரியும். பட்டை சுருண்டு, சொரசொரப்பாக, மரத்துக்கு வந்த கட்டியைப் போலக் காட்சியளிக்கும். 'முண்டும் முடிச்சுமாக இருக்கிறது' என்று நாம் சொல்கிறோமே, அந்த முண்டுதான் இது.

புயலிலோ முதுமையிலோ மரம் சாய்ந்துவிட்டால் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழி உண்டு. நேரான அடிமரம் அறுப்புப் பட்டறைக்குச் செல்லும். கிளைகள் அடுப்புக்குச் செல்லும். முண்டை மட்டும் விரும்பி எடுப்பார் இலர். நாரோட்டம் இல்லாத காரணத்தால் அதில் கோடரி இறங்காது. ஆப்பு அடித்தாலும் பிளக்காது. பலகை அறுக்கவும் உதவாது. கடைசியில் முழுதாகவே சூளைக்குள் தள்ளப்படும், அல்லது வெட்டிய இடத்திலேயே கிடந்து கறையானுக்கு இரையாகும்.

அதே முண்டு, கடைசல் தொழில் அறிந்தவர் கையில் சேர்ந்தால், பார்ப்போர் கண்ணெடுக்க இயலாத அழகிய தட்டாக மாறுகின்றது. மரத்தால் ஆன கலத்துக்கு மரவை என்று தமிழில் பழைய பெயர் உண்டு. முண்டில் கடைந்த மரவைத் தட்டை உலகின் பல நாடுகளில் பெரும் விலை கொடுத்து வாங்குகின்றனர். அத்தொழிலின் நுணுக்கத்தையும், அதனுள் மறைந்திருக்கும் ஓர் எச்சரிக்கையையும் இம்மாதம் நாம் எண்ணிப் பார்ப்போம்.

முண்டு எவ்வாறு உருவாகிறது?

மரப்பட்டையின் அடியில் எண்ணற்ற மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. கிளை முறிந்தாலோ, தீயில் கருகினாலோ, ஆடு மாடு கடித்தாலோ, அம்மொட்டுகளிற் சில விழித்துத் துளிர்விடும். இஃது இறைவன் மரத்துக்கு அளித்த பாதுகாப்பு. சில வேளைகளில் காயத்தாலோ, பூச்சியாலோ, பூஞ்சையாலோ, வேறு நெருக்கடியாலோ அந்த இடத்தின் வளர்ச்சி ஒழுங்கு மாறிவிடுகின்றது. மொட்டுகள் தளிர்க்காமலேயே நூற்றுக்கணக்கில் பெருகுகின்றன. மரநார்கள் அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து வளர்கின்றன. ஆண்டுக்காண்டு அப்பகுதி பருத்து முண்டாகின்றது. பல மரங்கள் இந்தச் சுமையோடு நெடுங்காலம் செழித்து வாழ்கின்றன.

இதனை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஆற்றுச் சுழல் போன்ற கோடுகள் தெரியும். மலராத ஒவ்வொரு மொட்டும் ஒரு சிறு கண்ணாகத் தோன்றும். எந்த வளைவு கோடரிக்காரருக்குத் தொல்லையாயிற்றோ, அதுவே கடைசற்காரருக்கு அழகாகின்றது. நார்கள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் முண்டுத் துண்டு ஒரு பக்கமாகப் பிளந்து போவதும் குறைவு.

மொராக்கோ நாட்டின் பட்டறைகள்

முண்டுக் கடைசலுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் நகரம் ஒன்று உண்டு. மொராக்கோ நாட்டின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் கடலோரத்தில் உள்ள எஸ்ஸவீரா என்பதே அது. பதினெட்டாம் நூற்றாண்டில் சுல்தான் ஸீதி முஹம்மது பின் அப்துல்லாஹ் வகுத்துக் கட்டிய துறைமுக நகரம். அதன் பழைய மதில்நகரை யுனெஸ்கோ நிறுவனம் 2001-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதன் தெருக்களில் மரப்பட்டறைகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. தட்டுகளும் கிண்ணங்களும் பேழைகளும் அங்கு உருவாகின்றன.

அவர்கள் கையாளும் மரத்தின் பெயர் அரபியில் 'அர்ஆர்'. மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா நாடுகளின் வறண்ட குன்றுகளில் வளர்வது. இதன் முண்டு மண்ணுக்குள், வேரும் அடிமரமும் சேரும் இடத்தில் உருவாகின்றது. செம்பழுப்பு நிறமும், புள்ளி புள்ளியான கண்களும், மெருகேற்றும்போது எழும் நறுமணமும் அதன் சிறப்புகள்.

இதன் புகழ் இன்று நேற்று வந்ததன்று. கி.பி. 79-இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, தமது இயற்கை வரலாற்று நூலில் இம்மரத்தில் செய்த மேசைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். புலியின் வரிகளைப் போன்றவை, சிறுத்தையின் புள்ளிகளைப் போன்றவை, மயில் தோகையின் கண்களைப் போன்றவை என அவற்றைத் தரம் பிரித்தார்களாம். சிசரோ என்னும் புகழ்பெற்ற பேச்சாளர் ஐந்து லட்சம் ரோமானிய வெள்ளிக்காசுகள் கொடுத்து ஒரு மேசை வாங்கினார் என்றும் அந்நூல் கூறுகின்றது. ஒரு மேசைக்கு இவ்வளவா என்று மலைக்கிறோம். வீண் விரயத்தை இஸ்லாம் ஏன் இத்துணைக் கடுமையாகக் கண்டிக்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

அந்த நூலில் மற்றொரு செய்தியும் உள்ளது. மிகச் சிறந்த முண்டுகளைத் தந்த ஒரு மலை, தம் காலத்திலேயே வெறுமையாகிவிட்டது என்று பிளினி குறிப்பிடுகின்றார். இன்றைக்கு ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன்பே, செல்வர் மாளிகைகளின் அலங்கார ஆசை ஒரு மலையின் மரங்களை விழுங்கிவிட்டது!

காரணம் எளிது. வெட்டினாலும் எரித்தாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆற்றல் அர்ஆர் மரத்துக்கு உண்டு. ஊசியிலை மரங்களில் இஃது அரிய பண்பு. அந்த மறுவாழ்வு பொதிந்திருக்கும் இடமே அந்த அடிமுண்டு. அடிமரத்தை வெட்டியவன் மரத்தின் உடலை எடுக்கிறான். முண்டைத் தோண்டியவனோ அதன் எதிர்காலத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிறான்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்திலும் இதே துன்பம் நேர்ந்தது. அங்குள்ள செம்மரக் காடுகளில் வானளாவி நிற்கும் பழம்பெரும் மரங்களின் முண்டுகளை, இரவு வேளையில் எந்திர வாளால் அறுத்துத் திருடும் கூட்டம் பெருகிற்று. அம்மரங்களும் முண்டிலிருந்து துளிர்ப்பவையே. வேறு வழியின்றி 2014 மார்ச் மாதம் முதல், அப்பூங்காவின் ஊடே செல்லும் ஒரு சாலையை இரவு நேரங்களில் மூடினர். மேசைமேல் வைக்கும் ஓர் அலங்காரப் பொருளுக்காக உயிருள்ள மரத்தின் விலாவை அறுத்தெடுக்கும் கொடுமை வேண்டுமா?

ஆகவே இத்தொழிலின் முதல் விதியை உளி எடுக்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். உயிரோடு நிற்கும் மரத்திலிருந்து முண்டை அறுத்தல் ஆகாது. தானாக விழுந்த மரம், வேறு தேவைக்காக முறையாக வெட்டப்பட்ட மரம், பட்டுப்போன மரம் ஆகியவற்றின் முண்டே நமக்குரியது. சாலையோர மரம் அரசின் உடைமை. ஏலத்தில் எடுத்தவரிடம் விலைக்குப் பெறாமல் அதில் ஒரு துண்டையும் தொடுதல் கூடாது. பொதுச் சொத்து என்பது எல்லார் மீதும் உள்ள அமானிதம்.

கடைசல் முறை

நம் நாட்டுக்குக் கடைசல் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் கட்டிற்கால்களையும், தொட்டில் குமிழ்களையும், மாடிப்படிக் கைப்பிடியைத் தாங்கும் தண்டுகளையும் நினைவு கூருங்கள். பர்மாத் தேக்கு கப்பலில் வந்திறங்கிய காலத்தில் அவை யாவும் கடைசற் பட்டறையில் உருவானவை. தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்கள் இன்றும் கடையப்படுகின்றன. முற்காலத்தில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழல, மற்றவர் உளி பிடித்துக் கடைவார். இன்று மின்மோட்டார் அந்த வேலையைச் செய்கின்றது.

தட்டுக் கடைவதில் முதற்பகுதி பொறுமை. பச்சை முண்டு நிறைய ஈரம் கொண்டது. வெளிப்புறம் விரைந்து உலர்ந்து, உட்புறம் ஈரமாகவே இருந்தால் விரிசல் விழும். எனவே அறுபட்ட முகங்களில் உருக்கிய மெழுகைப் பூசி, வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் அடுக்கி வைக்க வேண்டும். பச்சை மரத்துக்கு மெழுகு பூசும் இவ்வழக்கத்தைப் பிளினியும் எழுதி வைத்துள்ளார் என்பது வியப்புக்குரியது. இரண்டாயிரம் ஆண்டுகளாக மரமும் மாறவில்லை, மருந்தும் மாறவில்லை.

அடுத்தது முதற் கடைசல். துண்டை வட்டமாக அறுத்து, இரும்பு முகத்தட்டில் திருகாணிகளால் இறுகப் பொருத்தி, தட்டின் வடிவம் தோன்றும் அளவுக்குப் பருமனாகக் கடைந்து வைப்பர். அகலத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விடுவது பொதுவான கணக்கு. 30 செ.மீ. அகலத் தட்டானால் 3 செ.மீ. கனம் இருக்கட்டும். பிறகு அதனை எடுத்து மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைத் தட்டின் அடியிலேயே எழுதி வரலாம். எடை குறைவது நின்றுவிட்டால் மரம் உலர்ந்துவிட்டது என்று பொருள். இதற்குள் அது சற்று வளைந்திருக்கும். அந்த வளைவைச் சரிசெய்யவே அத்தனை கனம் விட்டு வைத்தோம்.

மூன்றாவது, இறுதிக் கடைசல். உளியை நன்கு தீட்டிக் கொண்டு, சிறிது சிறிதாகச் சீவிக் கனத்தைக் குறைக்க வேண்டும். மழுங்கிய உளி முண்டின் சுழல் நார்களைப் பிய்த்து எறியும். பிறகு உப்புத்தாளைச் சொரசொரப்பானதில் தொடங்கி நயமானது வரை வரிசையாகத் தேய்த்தால், அதுவரை மங்கலாகக் கிடந்த கண்களும் சுழல்களும் தெளிந்து வரும்.

எண்ணெய் பூசுவதில் கவனம் தேவை. தேங்காய் எண்ணெய் மரத்தில் இறுகி உலர்வதில்லை. நாளடைவில் சிக்கு நாற்றம் எடுக்கும். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகும் தன்மையது. வண்ணக்கடையில் விற்கும் கொதித்த எண்ணெயில் உலர்வை விரைவாக்கும் உலோகச் சேர்மங்கள் கலந்திருக்கலாம் என்பதால், உணவு வைக்கும் கலத்துக்குக் கலப்பற்ற எண்ணெயே ஏற்றது. மெல்லியதாகப் பூசித் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடியது. விரித்து உலர்த்துங்கள், அல்லது நீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

உயிருக்கு உறுதி

பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பும் பெற்றோர் அறிய வேண்டியவை சில உண்டு. 30 செ.மீ. தட்டு நிமிடத்துக்கு 600 சுற்றுச் சுழலும்போதே அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 34 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றது. முண்டுக்குள் பட்டைச் செருகலும் பொந்தும் மறைந்திருப்பது இயல்பு. வேகத்தைக் கூட்டினால் துண்டு பெயர்ந்து முகத்தில் அடிக்கும். ஆகவே குறைந்த வேகத்தில் தொடங்க வேண்டும்; எந்திரத்தை முடுக்கும்போது சுழலும் மரத்துக்கு நேரே நில்லாமல் சற்று விலகி நிற்க வேண்டும்; முகத்தை முழுதும் மறைக்கும் கண்ணாடிக் கவசம் அணிய வேண்டும். தொங்கும் துண்டு, தளர்ந்த கைச்சட்டை, கைக்கயிறு எதுவும் உடலில் இருத்தல் கூடாது.

மரத்தூசியும் எளிதான பகையன்று. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக் கூடியது என்று 1995-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியது. வாயில் கைக்குட்டை கட்டுவது போதாது. நல்ல சுவாசக் கவசமும், தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறியும் தேவை. இவற்றை வாங்கித் தருவது பட்டறை முதலாளியின் கடமை. தொழிலாளியின் கூலியை மட்டுமன்று, அவனுடைய நுரையீரலையும் குறித்து முதலாளி இறைவனிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மரக்கலமும் மார்க்கமும்

'அலங்காரத் தட்டு நமக்கெதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான வினாவே. பொன், வெள்ளிக் கலங்களில் உண்பதையும் பருகுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள் என்பதை அனைவரும் அறிவோம். மரக்கலத்துக்கு அத்தடை இல்லை.

நாயகம் (ஸல்) அவர்களுக்குரிய ஒரு கோப்பை அனஸ் (ரலி) அவர்களிடம் இருந்தது. புகாரீ நூலில் அதன் செய்தி உள்ளது. அகன்ற, நல்ல மரத்தாலான கோப்பை அது. விரிசல் கண்டபோது அது வெள்ளியால் இணைக்கப் பெற்றது; எறியப்படவில்லை. அதில் ஓர் இரும்பு வளையமும் இருந்தது. அதனை எடுத்துவிட்டுப் பொன்னாலோ வெள்ளியாலோ வளையம் இட அனஸ் (ரலி) அவர்கள் எண்ணினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அமைத்த எதனையும் மாற்ற வேண்டாம் என்று அபூதல்ஹா (ரலி) அவர்கள் கூறவே, அப்படியே விட்டுவிட்டார்கள். இரும்பு வளையமும் வெள்ளிக் கட்டும் கொண்ட ஒரு மரக்கோப்பைக்கு அந்த வீட்டில் எத்துணை மதிப்பு!

விரிசல் விழுந்த பொருளை எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது. முண்டுத் தட்டிலும் சிறு விரிசலும் பொந்தும் இருந்தே தீரும். தேர்ந்த கடைசற்காரர் அவற்றை மறைத்து விற்க மாட்டார். இருப்பதைச் சொல்லி விற்பார். குறையைச் சொல்லாமல் விற்பது வணிகத்தில் மோசடி என்பது நம் மார்க்கத்தின் தீர்ப்பு.

நம் சமுதாயத்தில் கல்யாண வீட்டிலும் கந்தூரியிலும் பலர் ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் நிலைத்துள்ளது. சிறுவராயிருந்த உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களின் கை தட்டெங்கும் அலைந்தபோது, இறைவன் பெயர் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதிலிருந்து உண்ணுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த நிகழ்ச்சியை நம் குழந்தைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். ஒரு தட்டில் ஒழுக்கமும் பரிமாறப்படுகிறது.

ஆயினும் முண்டுத் தட்டில் சோறும் ஆணமும் பரிமாற வேண்டா. பொந்துகளில் ஈரம் தங்கிக் கெடும். பேரீச்சம்பழம், பாதாம், உலர்ந்த பலகாரம், உரிக்காத கனிகள் ஆகியவற்றுக்கே அது ஏற்றது. ரமளானில் நோன்பு துறக்கும் வேளையில் பேரீச்சம்பழங்களை அதில் வைத்து நடுவில் வையுங்கள். வீட்டுக் குழந்தை அந்தத் தட்டின் கண்களை எண்ணிப் பார்க்கட்டும். சுவரில் மாட்டிப் பெருமை பேசும் பொருளாக மட்டும் அதனை ஆக்கிவிடாதீர்கள்.

பட்டறைப் பிள்ளைகள்

இவ்விடத்தில் சமுதாயத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்க விரும்புகிறோம். நம் இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளிலிருந்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குச் செல்வது பல்லாண்டு வழக்கம். கடன் பெற்று விசா வாங்கி, பாலையில் சுமை தூக்கும் பிள்ளைக்குப் பெண் கொடுக்க விரைந்து வருகிறோம். உள்ளூர்ப் பட்டறையில் உளி பிடிக்கும் பிள்ளை என்றால் முகம் சுளிக்கிறோம். 'கட்டை கடைகிறவன்' என்று பேசுகிறோம். பள்ளியில் தேறாத பிள்ளையை முண்டு என்றும் மரமண்டை என்றும் ஏசுவதும் நம் வீடுகளில் கேட்கிறது.

ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர் என்று ஹதீஸ் கூறுகின்றது. தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டார்கள். நபிமார்கள் ஏற்ற தொழிலை நாம் இழிவென்று சொன்னால், அந்தச் சொல் எங்கே சென்று சேரும் என்பதைச் சிந்திக்க வேண்டும்.

கடைசல் தொழிலில் முஸ்லிம்கள் சிறந்து விளங்கும் ஊர் நம் அண்டை மாநிலத்திலேயே உள்ளது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையிலுள்ள சென்னப்பட்டணத்தின் மரப்பொம்மைகளை அறியாதார் இலர். திப்பு சுல்தான் ஆதரவில் வளர்ந்த தொழில் என்பது அவ்வூர் வழக்கு. பாவாஸ் மியான் என்பவரை அத்தொழிலின் தந்தை என்று போற்றுவர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் பொம்மைமேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டில் அரக்கு உருகிப் படிகின்றது; தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். பிளாஸ்டிக் பொம்மைகள் வந்து குவிந்தபோது அத்தொழில் நலிந்தது. பின்னர் இயற்கைச் சாயங்களும், புதிய வடிவங்களும், புவிசார் குறியீடும் அதற்குத் துணை நின்றன. ஆண்களும் பெண்களும், இந்துக்களும் முஸ்லிம்களும் அதில் உழைக்கின்றனர்.

செட்டிநாட்டிலும் இதற்கான சூழல் இல்லாமலில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், இடிக்கப்பட்ட பழைய வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் கலங்களையும் வாங்க வெளியூராரும் வெளிநாட்டாரும் வருகின்றனர். முன்னோர் செய்த பொருளை விற்பதோடு நிற்காமல், இன்றைய கைகள் செய்த பொருளையும் அவர்கள் முன் வைக்கலாம் அல்லவா?

மரத்துக்கும் பஞ்சமில்லை. புளியின் வயிரம் கருஞ்சிவப்பு; இரும்பு போல் கடினமானது. வேம்பு செம்மை கலந்தது. பூவரசும் வாகையும் பழுப்பு நிறம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குச் சீமைக்கருவேல் இருக்கிறது. நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு, நிலத்தைக் கெடுப்பதாக நாம் குறைகூறும் அம்மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவதே இங்கு பெருவழக்கு. அதன் உறவான மரம் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், உலரும்போது மிகக் குறைவாகச் சுருங்கும் நற்பண்புக்காக மேசை நாற்காலிகள் செய்யப் போற்றப்படுகின்றது. எவ்வளவு வெட்டினாலும் எவரும் வருந்தாத மரம் ஒன்றில் கைப்பழக்கம் பெற்று, பிறகு அரிதாகக் கிடைக்கும் புளிய முண்டில் உளி வைப்பது அறிவுடைமை.

வருவாயைப் பற்றி மிகைப்படச் சொல்ல விரும்பவில்லை. முண்டு எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பல மாதம் உலர வேண்டும். உலரும்போதே சில துண்டுகள் வெடித்துப் போகும். ஆகவே இதனை மட்டும் நம்பி ஒரு குடும்பம் வாழ முடியாது. கட்டிற்கால், படித்தண்டு, கதவுக் குமிழ் ஆகிய அன்றாடக் கடைசலே உலை வைக்கும். முண்டுத் தட்டு அதனோடு சேர்ந்து வரும் உபரி. ஆனால் பட்டறைக்குப் பெயர் தேடித் தரும் உபரி. விலை வைக்கும்போது கடைந்த மணிநேரத்தை மட்டுமின்றி, காத்திருந்த மாதங்களையும், வெடித்துப் போன துண்டுகளையும் கணக்கிற் சேர்க்க வேண்டும். வாங்குவோரும் பிளாஸ்டிக் தட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசலாகாது.

இனி உங்கள் தெருவில் ஒரு முதிய மரம் சாய்ந்தால், முண்டைச் சூளைக்கு அனுப்பும் முன், உரியவரிடம் கேட்டுப் பெற்று, மெழுகு பூசி நிழலில் வையுங்கள். அருகிலுள்ள கடைசற் பட்டறைக்குச் சொல்லி அனுப்புங்கள். மரம் நின்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடாமல் ஒரு கன்றை நட்டு வையுங்கள். முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழியின் கருத்து. நாம் நடும் புளியில் முண்டு விளையுமா, விளையாதா என்பது இறைவன் அறிந்தது. நிழலும் கனியும் விளைவது உறுதி, இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் கடைசல் பட்டறை நடத்தும் சகோதரர்கள் தம் அனுபவத்தை எழுதினால் வரும் இதழ்களில் பகிர்ந்து கொள்வோம். உழைக்கும் கைகளுக்கு எல்லாம் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.